தானாகத் தொடங்குபவை

என் கணவர் காலையில் சிரிக்கிறார். இதை ஒரு புகாராகச் சொன்னால் மற்ற பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எட்டு வருடம் உர்ரென்று எழுந்து, 'காபி' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டு வாங்கிக் குடித்த மனிதர், திடீரென்று ஒரு நாள் எனக்கு முன்னால் எழுந்து, காபி போட்டுக் கொண்டுவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, "நல்லாத் தூங்குனியா அம்மணி?" என்று கேட்டால் அதை அப்படியே நம்பி மகிழ்கிறவள் நான் இல்லை. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளைச் சோதிக்கிறவள். எரிந்த கடைக்குள் போய்ச் சாம்பலைக் கிளறி, இது தானாகப் பற்றியதா, யாராவது பற்றவைத்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. தானாகப் பற்றியது என்று நான் எழுதிக் கொடுத்தது மிகக் குறைவு.

என் கணவர் சிவனேசனுக்குள் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள், அல்லது அவரே போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் சந்தேகம்.

இந்தக் காலத்தில் அதிலொன்றும் அதிசயமில்லை. காது மடலுக்குப் பின்னால் ஆளுக்கொரு பொட்டு, பொட்டளவுக் கணினி, இருக்கிறது. நாம் கண்ணைத் திறந்ததும் அதுவும் விழித்துக்கொண்டு, தன்னிடமிருக்கிற நிரல்களை ஒவ்வொன்றாகத் தலைக்குள் தொடங்கிவைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒன்று, இந்தி பேச ஒன்று, மேலதிகாரி முன்னால் கோபம் வராமலிருக்க ஒன்று. மளிகைக் கடையில் ஏதோ தள்ளுபடிக்குத் தலையாட்டினால் போதும், கடைக்காரரின் நிரல் ஒன்று சத்தமில்லாமல் வந்து நம் தொடக்க வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஊரில் பாதிப் பேர் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் தொடங்கி முடிந்தால்தான் அவர்களால் பல் துலக்கப் போக முடியும். அதற்கு மந்தம் என்று பெயர் வைத்து, அதைப் போக்குவதற்குத் தெருவுக்குத் தெரு கடையும் போட்டுவிட்டார்கள்.

என் தொடக்கம் அப்படியில்லை. மூன்றே நிரல்கள்தான்: தைராய்டு மாத்திரையை நினைவூட்டுவது, ஆங்கிலம், வண்டி ஓட்டுவது. மாதம் ஒரு முறை நானே திறந்து பார்த்து, அழைக்காமல் வந்து உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிடுவேன். இதில் எனக்குக் கர்வமும் உண்டு.

சிவனேசனின் சிரிப்பு எப்போது ஆரம்பித்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். படுத்திருந்த நாள் முழுக்க அவர் வாசற்படியில் நின்று, நான் எழுந்து போட்டுத் தரவேண்டும் என்பதுபோல, "காபி?" என்று கேட்டார். காய்ச்சல் விட்டதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கிருந்தபடியே தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதினேன். ஒரு வாரம் கழித்து அம்மா என்னவெல்லாமோ சொல்லித் திருப்பி அனுப்பிவைத்தாள். கோயமுத்தூருக்கு வந்த மறுநாள் காலையில் காபி வந்தது.

இப்போது தூத்துக்குடியிலிருந்தும் பதில் வந்துவிட்டது. பதவி உயர்வோடு கூப்பிடுகிறார்கள். சம்மதம் சொல்ல இந்த வாரம்தான் கடைசி. போவதென்றால் நான் தனியாகத்தான் போவேன், போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாது. போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் காலை நேரம் ஒன்றுதான். ஒரு டம்ளர் காபிக்காக ஒரு ஊரையே வேண்டாம் என்று சொல்லப்போகிறவளுக்கு, அந்தக் காபி அவருடையதா, அவர் தலைக்குள் ஓடும் நிரலுடையதா என்று தெரிய வேண்டாமா?

சும்மா சந்தேகப்படவில்லை. கண்ணால் பார்த்த சாட்சியங்கள் இருந்தன.

முதலாவது, அது காலையில் மட்டும்தான். ஆறு மணிக்கு எழுந்து மாத்திரையைப் போடுவேன். அரை மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டுத்தான் காபி குடிக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. அந்த அரை மணி முடியும்போது அவர் டம்ளரோடு வருவார். பேசுவார், நான் சொல்வதைக் கேட்பார், என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நான் குளித்துவிட்டு வரும்போது பழைய சிவனேசன் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். மாலையில் பம்ப் கம்பெனியிலிருந்து திரும்பி வந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். ஒரே ஆள் விடியற்காலையில் ஒரு மாதிரியும் விடிந்த பிறகு வேறு மாதிரியும் இருந்தால், இது குறைந்த விலைச் சரக்கு, அரை மணி நேரத்துக்குமேல் ஓடாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாவது, பால் பாக்கெட். நான் பாக்கெட்டின் மூலையில் கத்தரியால் பொடியாக ஒரு வெட்டு வெட்டுவேன். வெட்டிய துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சிவனேசன் பல்லால் கடித்துக் கிழிக்கிற ஆள். கல்யாணமான புதிதில் அதற்கும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. இப்போது காலையில் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால், பாக்கெட்டின் மூலையில் என்னுடைய அதே பொடி வெட்டு. எட்டு வருடம் சொல்லியும் திருந்தாத மனிதர் ஒரே நாளில் திருந்திவிட்டாரென்றால் எனக்கு நம்பிக்கை வருமா? என் பழக்கத்தைப் படித்துவைத்த ஒன்று அவருக்குள் ஓடுகிறது என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. ஆனால் அதை அப்போது நான் சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் இடது மணிக்கட்டில் ஒரு சூட்டுக் காயம். இஸ்திரிப் பெட்டி பட்டிருக்கும் என்று நினைத்து மருந்து தடவினேன். நான் இஸ்திரி போட்டே ரொம்ப நாளாகிறது என்பது அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

அம்மாவிடம் போனில் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"காபி கொண்டாந்து குடுக்கறாரா இல்லியா?" என்றாள்.

"குடுக்கறாரும்மா. அதான் சந்தேகமா இருக்குது."

"குடுக்காட்டியும் அழுவற, குடுத்தாலும் அழுவற. நல்லா இருக்கறத எதுக்குக் கிண்டற? விடு. தூத்துக்குடிக்காரங்களுக்கு வல்லீன்னு எழுதிப் போடு."

தூத்துக்குடி விஷயம் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவள் குரலிலிருந்த அவசரம் எனக்குப் புதிதாக இருந்தது. அதையும் கவனித்தேன், ஆனால் மகள் பிழைப்பு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிற தாயின் அவசரம் என்று எடுத்துக்கொண்டேன்.

உக்கடத்தில், பேக்கரிக்கும் செல்போன் உறை விற்கிற கடைக்கும் நடுவில் ஜமீலாக்காவின் கடை இருக்கிறது. 'மந்தம் நீக்கித் தரப்படும்' என்று பலகை மாட்டியிருப்பார். எங்கள் கல்யாணத்துக்குச் சாவி மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போது அது ஒரு சடங்காகிவிட்டது. ஒரு பொட்டுக்குள் புகுந்து எதையும் போடவோ எடுக்கவோ வேண்டுமென்றால் அந்த ஆளுடைய கட்டைவிரல் வேண்டும், அல்லது சாவி வைத்திருக்கிறவரின் கட்டைவிரல் வேண்டும். சின்ன வயதில் பிள்ளைகளின் சாவி தாயிடம் இருக்கும். கல்யாணத்தில் தாரை வார்த்து முடிந்ததும் மணவறைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, தாயின் சாவியை எடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு பார்வைச் சாவி கொடுப்பார்கள். கணவனின் தொடக்கத்தை மனைவி பார்க்கலாம், மனைவியுடையதைக் கணவன் பார்க்கலாம், ஆனால் இருவரும் எதையும் தொட முடியாது. அப்படிப் பார்க்கிறவர்களும் கிடையாது. சட்டைப் பையைத் துழாவுவது மாதிரி அது ஒரு கௌரவக் குறைச்சல்.

நான் துழாவப் போனேன்.

"யாரோடதப் பாக்கோணும் கண்ணு?" என்றார் ஜமீலாக்கா.

"என்ற வூட்டுக்காரரோடதுங்க்கா."

அவர் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தார். "சாவி இருக்குது, பாக்கறதுக்கு உனக்கு உரிமை இருக்குது. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இங்க வந்து பாத்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்து என்னைய நல்லா இருன்னு சொன்னதில்ல."

"பரவால்லைங்க்கா. தொறங்க."

கட்டைவிரலை வைத்தேன். திரையில் சிவனேசனின் காலை வரிசை வந்தது. சர்க்கரை பார்ப்பது, வண்டி, கம்பெனியில் மின்சாரச் சோதனைக்குக் கொடுத்த பாதுகாப்பு நிரல், கிரிக்கெட் ஸ்கோர். அவ்வளவுதான்.

"ஒளிஞ்சிருக்கலாமில்லீங்க்கா?"

"ஒளிஞ்சிருக்கறதும் இதுல தெரியும். தொடக்கத்துல நிக்காம, நிக்கிற இன்னொண்ணோட முதுகுல ஏறிக்கிட்டு, அது தொடங்குனதுக்கப்பறம் மெதுவா எறங்கற சாதி ஒண்ணு இருக்குது. நாங்க பின்தொடக்கம்னு சொல்லுவோம். உன்ற வூட்டுக்காரருகிட்ட அதுவும் இல்ல. இந்தக் காலத்துல இவ்வளவு சுத்தமான தலைய நான் பாத்ததில்ல."

இத்தனை நாளும் ஒரு நல்ல மனிதரைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. அவராகத்தான் எழுகிறார். அவராகத்தான் காபி போடுகிறார். பொள்ளாச்சிக்கு நான் போன அந்த ஒரு வாரத்தில் அவருக்கு ஏதோ உறைத்திருக்கிறது.

"என்ன விசயம்? எதுக்காவ இவரச் சந்தேகப்பட்ட?" என்றார் ஜமீலாக்கா.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தன மணிக்குக் காபி கொண்டாருவாரு?"

"ஆறரைக்குங்க்கா. எப்பவும்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "பொட்டு தெனமும் எப்பத் தொடங்குச்சுன்னு இங்க இருக்குது, நீயே பாரு. நேத்து ஏழரை. முந்தாநேத்தும் ஏழரை. ஞாயித்துக்கெழம எட்டரை. கண்ணத் தொறந்தாத்தான் பொட்டு தொடங்கும். கண்ணத் தொறக்காம ஒருத்தரு பால் காச்ச முடியாது கண்ணு."

பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாசம் வந்துகொண்டிருந்தது.

"உன்னோடதப் பாத்துருவமா?" என்றார்.

"என்னோடது சுத்தமா இருக்குதுங்க்கா. மாசாமாசம் நானே பாக்கறேன்."

"நீ பாக்கறப்ப முன்னால நிக்கிறதுதான் தெரியும். முதுகுல இருக்கறது தெரியாது."

பார்த்தார். தைராய்டு நினைவூட்டலின் முதுகில் அது இருந்தது. அதற்கு 'இதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஜமீலாக்கா அந்தப் பெயரைத் தொட்டு விவரத்தைத் திறந்தார். "இது குடும்பத்துக்குன்னு விக்கறாங்க. உரியவங்களுக்குத் தெரியாமப் போடக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. வூட்டுல இருக்கறவங்க எப்புடி இருந்தா உனக்குப் புடிக்குமோ, அப்புடி இருக்கற மாதிரி காட்டும். காதுக்கும் காட்டும், கண்ணுக்கும் காட்டும். வெல கொறஞ்சதுன்னா அர மணி நேரந்தான் ஓடும்."

"அப்ப காபி?"

"நீ வண்டிய எடுத்துட்டு ஆபீஸ் போற. வழியில எத்தன சிக்னல்ல நின்னன்னு கேட்டாச் சொல்லுவியா? சொல்ல முடியாது. ஆனா நின்னிருப்ப. கை கால் அதும்பாட்டுக்கு வேலையச் செய்யும், மனசு வேற எங்கியாச்சும் இருக்கும். இதுவும் அப்புடித்தான். பால் பாக்கெட்ட வெட்டுனது நீ. காச்சுனது நீ. கொண்டாந்து கட்டில்ல உக்காந்து குடிச்சது நீ. உன்ற கண்ணுக்கு அவரு குடுத்த மாதிரி இருந்திருக்குது."

நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி சுட்டால் காயத்துக்கு ஒரு நேரான ஓரம் இருக்கும். இதற்கு ஓரமே இல்லை. இது கொதிக்கிற பால் தெறித்த காயம். வேறு யார் கையிலாவது இருந்திருந்தால் வாசலில் நின்றே சொல்லியிருப்பேன்.

"யாருங்க்கா போட்டது? அவருக்குப் பார்வைச் சாவிதானே இருக்குது?"

"அவரில்ல." ஜமீலாக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ற மேலயும் தப்பு இருக்குது. உன்ற கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தம் தப்பிருமுன்னு ஐயரு ஒரே அவசரம். தாரை வார்த்ததும் பத்து பேரு மேசையச் சுத்தி நின்னுட்டாங்க. உங்கம்மா வந்து, 'நம்ம சாவிய அப்பறம் எடுத்துக்கலாம் ஜமீலா, மொதல்ல புள்ளைங்களோடத முடிச்சுரு'ன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அப்பறம் அவங்களும் வல்ல, நானும் கூப்புடல."

நான் எழுந்து வெளியே வந்து, பேக்கரி வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். எனக்குக் கத்த வேண்டும்போலிருந்தது. கத்துவதற்கு முன்னாலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நான் "இதம்" என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னேன்.

"நீ தூங்கறப்பத்தான் போட்டேன்" என்றாள்.

"எப்புடிம்மா உனக்கு மனசு வந்துச்சு?"

"ஒரு வாரமா நீ சோறு திங்கல. சொவத்தையே பாத்துட்டு இருந்த. உன்னைய அப்புடியே அங்க அனுப்பவும் முடியல, இங்க வெச்சுக்கவும் முடியல. ஊரு என்ன சொல்லுமுன்னு பயந்தேன்னு நெனைக்காத, அதுவும் இருந்துச்சு, இல்லீங்கல. ஆனா அதுக்காவ மட்டும் போடல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கப்பனோட முப்பது வருசம் இருந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ சாப்புட்டியான்னு கேட்டதில்ல. எனக்கு இந்த மாதிரி ஒண்ணு அப்பக் கெடச்சிருந்தா, சத்தியமா நானே போட்டுருப்பேன். உனக்காச்சும் கெடைக்கட்டுமுன்னு நெனச்சேன்."

"அது பொய்யும்மா."

"அர மணி நேரந்தானே கண்ணு. மிச்சமெல்லாம் நெசந்தானே."

போனை வைத்துவிட்டேன். என் தலைக்குள் கையை விட்ட ஒருத்தியை நான் வெறுக்க வேண்டும். வெறுப்பும் இருந்தது. ஆனால் அந்த முப்பது வருடக் கணக்கு நடுவில் வந்து நின்றுகொண்டது.

உள்ளே போனதும் ஜமீலாக்கா, "எடுத்துரட்டுமா?" என்று கேட்டார்.

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தது. எட்டு வருடத்தில் நான் சிரித்தது அந்தக் காலைகளில்தான். அதை எடுத்துவிட்டால் நாளைக்குக் காலையில் யாரும் என்னை நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன் யார்? பக்கத்தில் போர்த்திக்கொண்டு தூங்கிய சிவனேசனுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னையே கொஞ்சம் கிள்ளி எடுத்து, அதற்கு அவர் முகத்தை மாட்டி, அதோடு நான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"எடுத்துருங்க்கா. எங்கம்மா சாவியையும்."

அன்று மாலை சிவனேசன் வழக்கம்போல வந்தார். வழக்கம்போல நாலு வார்த்தை பேசினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எதுவும் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை. தூத்துக்குடிக்கு வருகிறேன் என்று ஆபீசுக்குச் செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. காலையில் ஒரு முறை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன்.

காலையில் கண்ணைத் திறந்ததும் மாத்திரை நினைவுக்கு வந்தது. போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். சிவனேசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்து மூடியிருந்தார். அரை மணி நேரம் போனது. யாரும் வரவில்லை. இன்னும் அரை மணி நேரம் போனது. தெருவில் காய்கறி வண்டி கத்திக்கொண்டு போயிற்று. காலை நேரம் இவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

போர்வை அசைந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பி, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். 'காபி' என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டால் அந்தச் செய்தியை அனுப்பிவிடுவது என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"இன்னைக்குப் பேசலியா?" என்றார்.

"யாருகூட?"

"அதான் எனக்கும் தெரியல." அவர் எழுந்து உட்கார்ந்தார். மந்தம் இல்லாத தலை, உடனே பேச முடிந்தது. "பொள்ளாச்சியிலிருந்து நீ வந்ததுக்கப்பறம் தெனமும் விடியால யாருகூடவோ பேசற. காபியப் போட்டு எடுத்துட்டு வந்து இங்கயே உக்காந்துக்கற. சிரிக்கற. கதையெல்லாம் சொல்ற. ஆபீசுல நடந்தது, எரிஞ்ச கடைக, எல்லாம். ஒரு நாளு 'நீங்களும் ஒரு வாய் குடிங்க'ன்னு சொன்ன. நான் இந்தப் பக்கம் கெடக்கறேன், உன்ற கொரலு அந்தப் பக்கம் போவுது."

"அப்ப நீங்க முழிச்சுட்டுத்தான் இருந்தீங்களா?"

"கண்ண மூடிட்டு முழிச்சிருந்தேன்."

"ஏன் என்னையக் கேக்கல?"

"கேட்டா மறுக்காவும் பொள்ளாச்சிக்குப் போயிருவீன்னு." அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "உன்ற பொட்டுக்குள்ள எவனையோ போட்டு வெச்சிருக்கறன்னு நெனச்சேன். பார்வைச் சாவி இருக்குது, போயிப் பாக்கலாமுன்னு ரெண்டு தடவ அந்தக் கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். பாத்து என்ன பண்ண? சரி, அவன்கூடயாச்சும் சிரிக்கறாளேன்னு வுட்டுட்டேன். கண்ணத் தொறந்தா நீ நிறுத்திப்போடுவீன்னு, நீ குளிக்கப் போற வரைக்கும் மூடிட்டே கெடப்பேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா செய்ததையும், ஜமீலாக்காவிடம் அவர் தலையைத் திறந்து பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. வேறெதையோ பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் நானா?"

"உங்க மொகந்தானுங்க. உங்க கொரல்தான்."

"நான் காபி போட்டுக் குடுத்தனா?"

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து போனார். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அலமாரிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசம் வந்தது.

நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. ஜமீலாக்கா உண்மையாகவே எடுத்தாரா? வேறு எதன் முதுகிலாவது இன்னொன்று இருந்தால்? இப்போது அடுப்படியில் நிற்பது நானாக இருந்து, இங்கே உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தால்? மணிக்கட்டுக் காயத்தை அழுத்திப் பார்த்தேன். வலித்தது. உள்ளங்கையை முகர்ந்தேன். சோப்பு வாசம்தான் இருந்தது. அதையும் எனக்கு அப்படிக் காட்டலாம்.

அவர் டம்ளரோடு வந்தார். மேலே பாலாடை மிதந்தது. கட்டிலோரம் உட்காரவில்லை, நின்றுகொண்டே நீட்டினார். "சக்கர டப்பா எங்க வெச்சிருக்கற? தேடித் தேடிப் பாத்துட்டு, வெல்லத்தப் போட்டுட்டேன்."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். "தூத்துக்குடிக்குக் கூப்புடறாங்க" என்றேன். "இன்னைக்குச் சொல்லோணும்."

அவர் முகம் சின்னதானது. "ம்" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்பெல்லாம் பால். டிகாஷன் வடிகட்டி தலைகீழாகக் கிடந்தது. பால் பாக்கெட் தொட்டிக்குள் சுருண்டிருந்தது. அதை எடுத்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மூலை பல்லால் கிழிக்கப்பட்டிருந்தது. இரண்டு பல்லின் தடம் தெளிவாகத் தெரிந்தது.

எழுதி வைத்திருந்த செய்தியை அழித்துவிட்டு, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்று ஆபீசுக்கு எழுதினேன். பிறகு போய் அந்தக் காபியைக் குடித்தேன்.